தெற்றுப்பற்களும் ரத்தம் கசிந்த ஈறும்: நான் தவறவிட்ட ஐந்து ஆண்டுகள்

என் கீழ்வரிசை முன்பற்கள் நான்கில் இரண்டு தெற்றுப்பற்கள். ஒன்று நாக்கின் பக்கமாக உள்வாங்கி நின்றது. அதற்கு அடுத்தது சற்றே திரும்பி, உதட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு நின்றது. இரண்டும் பாதியளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. சிரிக்கும்போது கீழ்ப்பற்கள் அதிகம் வெளியே தெரிவதில்லை என்பதால் வீட்டில் யாரும் அதை ஒரு குறையாக எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. 29-ஆவது வயதில் அந்த இரண்டு பற்களைச் சுற்றியிருந்த ஈறு மட்டும் சிவந்து தடித்து, பல் துலக்கும் ஒவ்வொரு முறையும் ரத்தம் கசியத் தொடங்கியபோதும், பல் வரிசைக்கும் அந்த ரத்தத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைப் புரிந்துகொள்ள நான்கு ஆண்டுகள் ஆயின. புரிந்த பிறகு அவசரப்பட்டு எடுத்த ஒரு முடிவால் மேலும் ஓராண்டும், ஒரு முழுச் சிகிச்சைக்கான பணமும் வீணாயின. இவற்றையெல்லாம் யாராவது முன்கூட்டியே எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அந்நாட்களில் பலமுறை ஏங்கியிருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ரத்தத்தைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், அந்த இடத்தில் துலக்குவதைக் குறைத்தது. காயம்பட்ட இடத்தைத் தொடாமல் விட்டால் ஆறிவிடும் என்பதுதான் இயல்பாக எவருக்கும் தோன்றும் எண்ணம். ஈறைப் பொறுத்தவரை அது நேர்மாறானது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். 1965-இல் ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும் டென்மார்க்கில் நடத்திய ஒரு சோதனையைப் பற்றி ஈறு மருத்துவர் என்னிடம் சொன்னார். ஆரோக்கியமான ஈறு உடைய 12 பேரை வாய்ச் சுத்தம் எதுவும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அவர்கள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு கனத்தது. ரத்தம் வந்த இடத்தை மாதக்கணக்கில் தொடாமல் விட்டிருந்த நான், அதே சோதனையை என் வாயின் ஒரு மூலையில் எனக்கே நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். ஈறில் ரத்தம் வந்தால் அந்த இடத்தை மென்மையான பிரஷ்ஷால் இன்னும் கவனமாகத் துலக்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் சில நாட்களுக்கு ரத்தம் வரத்தான் செய்யும்.

பிறகு பற்பசையை மாற்றினேன், வைட்டமின் மாத்திரைகள் சாப்பிட்டேன், ஒரு கட்டத்தில் கடினமான பிரஷ் வாங்கி அழுத்தித் தேய்த்தேன். அந்தக் கடைசிக் காரியத்தின் தடயம் இன்றும் இருக்கிறது: உதட்டின் பக்கமாகத் தள்ளியிருந்த பல்லின் மேலிருந்த ஈறு கீழிறங்கி, வேரின் மஞ்சள் நிறம் ஒரு கோடாகத் தெரிகிறது. வரிசையை விட்டு வெளியே தள்ளி நிற்கும் பல்லின் முன்புறம் எலும்பும் ஈறும் மெல்லியதாக இருக்கும் என்பதும், அங்கே முரட்டுத்தனமாகத் தேய்த்தால் ஈறு பின்வாங்கிவிடும் என்பதும், அப்படிப் பின்வாங்கிய ஈறு தானாக மேலேறி வராது என்பதும் எனக்கு அப்போது தெரியாது. வாய் கொப்பளிக்கும் குளோர்ஹெக்ஸிடின் மருந்தையும் பல மாதங்கள் தொடர்ந்து பயன்படுத்தினேன். மருத்துவர் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டிய மருந்து அது. நான் எவரையும் கேட்காமல் நீட்டித்ததில் பற்களில் பழுப்புக் கறை படிந்தது, நாக்கில் ருசி மங்கியது. ஈறின் வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது. பல்லோடு ஒட்டிப் பிடித்திருக்கும் கிருமிப் படலத்தைத் தேய்த்து அகற்றாமல், மேலே எதை ஊற்றினாலும் பெரிய பயன் இல்லை.

இடையிடையே பல் மருத்துவரிடம் சென்று, பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கான காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் செய்துகொண்டேன். காரையை எடுத்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று பலர் பயமுறுத்தினார்கள், அது உண்மையில்லை. ஏற்கெனவே எலும்பை இழந்த பல்லைக் காரை முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்கும்போது, அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரியும், அவ்வளவுதான். ஒவ்வொரு ஸ்கேலிங்குக்குப் பிறகும் இரண்டு மூன்று வாரங்கள் ஈறு அடங்கியிருக்கும். அதன் பிறகு அதே இடத்தில் அதே சிவப்பு திரும்பிவிடும். கீழ் முன்பற்களின் உட்புறத்தில் காரை மிக விரைவாகப் படியும். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய்கள் நாக்குக்கு அடியில் அங்கேதான் திறக்கின்றன, உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அங்கே தங்கியிருக்கும் படலத்தை இறுகச் செய்கிறது. படலம் சில நாட்களிலேயே கெட்டியாகத் தொடங்கிவிடும் என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வது மட்டும் எப்படிப் போதும்? இந்தக் கேள்வியை நான் நான்கு ஆண்டுகளாக எந்த மருத்துவரிடமும் கேட்கவில்லை. ஏன் இந்த இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரே ஒருமுறை கேட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

அதனால் ஈறில் ரத்தம் காணும் எவரிடமும் நான் முதலில் கேட்பது, வாய் முழுவதும் வருகிறதா அல்லது குறிப்பிட்ட இடத்தில் மட்டுமா என்பதைத்தான். வாய் முழுவதும் வீங்கி ரத்தம் கசிந்தால், பொதுவான வாய்ச் சுத்தக் குறைவோடு சர்க்கரை நோய், கர்ப்பகால ஹார்மோன் மாற்றம் போன்ற காரணங்களையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் அம்லோடிபின், வலிப்புக்குக் கொடுக்கப்படும் ஃபெனிடாயின் போன்ற சில மருந்துகள் ஈறைத் தடிக்கச் செய்யக்கூடும் என்பதால், உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலைப் பல் மருத்துவரிடம் மறைக்காமல் காட்ட வேண்டும். அவற்றைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. புகைபிடிப்பவர்களுக்கு ஈறு கெட்டிருந்தாலும் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால் அவர்கள் ரத்தத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் மட்டும் வருகிறது என்றால், அந்த இடத்தில் ஏதோ ஒன்று அழுக்கைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். அது சரியாகப் பொருந்தாத பல் உறையாக இருக்கலாம், விளிம்பு துருத்திய சொத்தை அடைப்பாக இருக்கலாம், என்னுடையதைப் போலத் தெற்றுப்பல்லாகவும் இருக்கலாம்.

எனக்கு அதைக் கண்ணால் காட்டியவர், ஐந்தாவது ஸ்கேலிங்கின்போது இருந்த இளம் மருத்துவர். சுத்தம் செய்வதற்கு முன் ஒரு சிவப்பு நிற மாத்திரையை மெல்லச் சொன்னார். கிருமிப் படலம் இருக்கும் இடங்களில் மட்டும் அதன் சாயம் ஒட்டிக்கொள்ளும். "வீட்டில் எப்படித் துலக்குவீர்களோ அப்படியே இப்போது துலக்குங்கள்" என்று பிரஷ்ஷைக் கையில் கொடுத்தார். நான் சிரத்தையாக மூன்று நிமிடம் துலக்கினேன். பிறகு கண்ணாடியைக் காட்டினார். மற்ற பற்கள் எல்லாம் வெளுத்திருக்க, அந்த இரண்டு தெற்றுப்பற்களும் ஒன்றையொன்று மறைத்த இடுக்கில் அடர்ந்த சிவப்பு அப்படியே இருந்தது. பிரஷ்ஷின் நார்கள் வெளியே தள்ளிய பல்லின் மேல் ஏறி, உள்வாங்கிய பல்லைத் தொடாமலே தாண்டிப் போயிருந்தன. பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் ஃபிளாஸ் நூலை நுழைக்கச் சொன்னார். நூல் இடுக்கில் சிக்கி நைந்து அறுந்தது. "நீங்கள் சோம்பேறி இல்லை, உங்கள் பிரஷ்ஷுக்கு அங்கே வழியில்லை" என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை ஆண்டுகளாக நான் அசுத்தமானவள் என்ற குற்ற உணர்வை யாரிடமும் சொல்லாமல் சுமந்திருந்தேன். பேசும்போது வாயைக் கையால் மறைப்பது எனக்குப் பழக்கமாகவே ஆகியிருந்தது.

அந்த நிம்மதியே என்னை அடுத்த தவறுக்குத் தள்ளியது. காரணம் தெரிந்துவிட்டது, பல்லை நேராக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற உற்சாகத்தில், அடுத்த வாரமே விசாரித்து, குறைந்த நாட்களில் முடித்துத் தருவதாகச் சொன்ன ஓர் இடத்தில் கம்பி கட்டிக்கொள்ளச் சேர்ந்துவிட்டேன். அங்கே புகைப்படம் எடுத்தார்கள், பல்லுக்கு அச்சு எடுத்தார்கள், முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். ஈறைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. கம்பியைத் தாங்கும் சிறு பிடிப்புகளான பிராக்கெட்டுகளைப் பல்லில் ஒட்டிய மூன்றாவது வாரமே ஈறு முன்னைவிட அதிகமாக வீங்கத் தொடங்கியது. கம்பி, பிராக்கெட், அவற்றைக் கட்டும் ரப்பர் வளையங்கள் என்று அழுக்குத் தங்குவதற்குப் புதிய இடங்கள் பல உண்டாகிவிட்டன. ஏற்கெனவே அழற்சியோடு இருந்த ஈறுக்கு அது தாங்கவில்லை. கேட்டபோதெல்லாம், கம்பி போட்டால் இப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்றே பதில் வந்தது. ஏழாவது மாதத்தில் ஈறு பிராக்கெட்டின் விளிம்பின்மேல் ஏறி மூடியது. கீழ் முன்பல் ஒன்று விரலால் தொட்டால் அசைந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. பல்லைக் காப்பாற்றுவதற்காகத் தொடங்கியது பல்லையே கொண்டுபோய்விடுமோ என்று பயந்து, ஓர் ஈறு மருத்துவரிடம் ஓடினேன்.

ஈறு மருத்துவரைப் பெரியோடான்டிஸ்ட் என்பார்கள். அவர் செய்த முதல் பரிசோதனை, இத்தனை ஆண்டுகளில் எனக்கு யாரும் செய்திராத ஒன்று. மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய கருவி ஒன்றை ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஈறுக்குள் மெதுவாக இறக்கி, ஆழத்தை உரக்கச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டார். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் ஆரோக்கியம். 4-உம் அதற்கு மேலும் என்றால் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே கவனிக்க வேண்டிய பை போன்ற பள்ளம் உண்டாகியிருக்கலாம். என் வாயில் பெரும்பாலும் இரண்டும் மூன்றுமாக வந்த எண்கள் அந்த இரண்டு பற்களிடம் வந்ததும் ஐந்து, ஐந்து, ஆறு என்று மாறின. எக்ஸ்ரேயில் அங்கே எலும்பு சற்றுக் கரைந்திருந்தது. ஈறு மட்டும் வீங்கியிருப்பது ஈறு அழற்சி என்றும், அது முழுமையாகக் குணமாகக்கூடியது என்றும், அழற்சி உள்ளிறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கத் தொடங்கிவிட்டால் இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாது, மேற்கொண்டு இழக்காமல் நிறுத்துவதே குறிக்கோள் என்றும் அவர் விளக்கினார். பல்லைக் கம்பியால் நகர்த்தும்போது ஒரு பக்கத்து எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக வளர்வதால்தான் பல் இடம் மாறுகிறது. ஈறு ஆரோக்கியமாக இருந்தால் அந்தக் கரைதலும் வளர்தலும் ஒழுங்காக நடக்கும். ஈறுக்குள் அழற்சி கனன்றுகொண்டிருக்கும்போது நகர்த்தினால், கரையும் வேலை மட்டும் விரைந்து நடந்துவிடக்கூடும். இந்த ஒரு விளக்கத்துக்காக நான் ஏழு மாதங்களும் எலும்பில் ஒரு பங்கும் விலையாகக் கொடுத்திருந்தேன்.

கம்பியைக் கழற்றினோம். பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி எனாமலில் சுண்ணாம்புபோல் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. சுத்தம் குறைந்தால் அவை சில வாரங்களிலேயே தோன்றிவிடும் என்று அப்போது தெரிந்தது. கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்டேன். ஒப்புக்கொண்ட சிகிச்சையை நானே இடையில் நிறுத்தியதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். என்னிடம் ரசீதைத் தவிர வேறெந்தத் தாளும் இல்லை: சிகிச்சைத் திட்டம் இல்லை, ஈறின் அளவுகள் இல்லை, எக்ஸ்ரேயின் நகல்கூட இல்லை. தயவுசெய்து இந்த விஷயத்தில் கவனமாக இருங்கள். கம்பியோ, பல்லை நேராக்கக் கழற்றி மாட்டும் உறையான அலைனரோ எதுவாக இருந்தாலும், பணத்தைக் கட்டங்களாகச் செலுத்த அனுமதிப்பவர்களிடமே செல்லுங்கள். எழுத்தில் திட்டம் கேளுங்கள். தொடங்குவதற்கு முன் எடுக்கும் படங்களின் நகலை உங்கள் கைவசம் வைத்திருங்கள். பல்லை நேராக்கப் போகும் வயது வந்தவருக்கு ஈறின் ஆழத்தை அளக்காமல் ஒருவர் பிராக்கெட்டைக் கையில் எடுத்தால், எழுந்து வந்துவிடுவதில் தவறே இல்லை.

ஈறுச் சிகிச்சை இரண்டு அமர்வுகளாக நடந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரின்மேல் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். செய்யும்போது வலிக்கவில்லை, பிறகு மூன்று நாட்கள் மிதமான வலியும், சில வாரங்கள் குளிர்ந்த எதைக் குடித்தாலும் கூச்சமும் இருந்தன. வீக்கம் வடிந்ததும் ஈறு சுருங்கி, பற்களுக்கு இடையே முன்பு இல்லாத சந்துகள் தெரிந்தன. சிகிச்சை கெட்டுவிட்டது என்று நினைத்து அழுத எனக்கு, வீக்கம் மறைத்திருந்த உண்மை நிலைதான் இது என்று மருத்துவர் பொறுமையாகப் புரியவைத்தார். மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் அளந்தபோது ஐந்தும் ஆறும் நான்காகக் குறைந்திருந்தன. ரத்தக் கசிவும் வெகுவாக நின்றிருந்தது. ஆனாலும் இடுக்கு இடுக்காகவே இருந்தது. ஒற்றைக் கொத்து நார் கொண்ட சின்னப் பிரஷ்ஷை வைத்து, கண்ணாடி முன் நின்று தினமும் பத்து நிமிடம் அந்த இரண்டு பற்களுக்கு மட்டும் செலவிட்டால்தான் அந்த நிலையைத் தக்கவைக்க முடிந்தது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது அந்தப் பத்து நிமிடம் விட்டுப்போனது. உடனே சிவப்பு திரும்பியது. அதைப் பார்த்த பிறகுதான், வாழ்நாள் முழுவதும் இப்படி முடியுமா என்று யோசித்து, ஈறு மருத்துவரும் பல் வரிசை மருத்துவரும் கலந்து பேசிச் சம்மதித்த பின்னர், 34-ஆவது வயதில் இரண்டாம் முறையாகக் கம்பி கட்டிக்கொண்டேன்.

இரண்டாம் முறையும் நான் கட்டிக்கொண்டது அதே வகைக் கம்பிதான். கழற்றி மாட்டக்கூடிய அலைனர் துலக்குவதற்கு வசதியானது என்றாலும், நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அதை அணிந்திருக்க வேண்டும். என் வேலையில் அந்த ஒழுங்கு எனக்கு வராது என்று எனக்கே தெரிந்திருந்ததால் கம்பியைத் தேர்ந்தேன். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் கருவியில் வேறுபாடு இல்லை. ஈறைக் குணப்படுத்திவிட்டுத் தொடங்கினோம் என்பதுதான் வேறுபாடு. ரப்பர் வளையத்தில் அழுக்கு அதிகம் தங்கும் என்று கருதிய மருத்துவர், மெல்லிய எஃகுக் கம்பியால் முடிச்சிட்டார். எலும்பு குறைந்த பல் என்பதால் விசையை மிக மெதுவாகக் கொடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறு மருத்துவரிடம் சென்று சுத்தம் செய்து, ஆழத்தை அளந்துகொள்ள வேண்டும் என்பதையும், எப்போது ரத்தம் கூடினாலும் நகர்த்துவதை நிறுத்திவிடுவோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார்.

நெரிசலாக இருக்கும் பற்களை நேராக்க இடம் எங்கிருந்து வரும் என்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெரிசல் மிகுந்தால் முன்கடைவாய்ப்பற்களைப் பிடுங்குவார்கள். குறைவாக இருந்தால் அடுத்தடுத்த பற்களின் பக்கவாட்டு எனாமலை மெல்லியதாக இழைத்து இடம் உண்டாக்குவார்கள். எனக்குச் செய்தது இரண்டாவது. ஓர் இடுக்குக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாது என்று சொல்லியும், எனாமலை இழைப்பது என்ற சொல்லே என்னைப் பதறவைத்தது. ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். செய்து முடித்தபோது வலியும் இல்லை, பின்னர் சொத்தையும் வரவில்லை. இடமே உண்டாக்காமல் எல்லாப் பற்களையும் வெளிப்பக்கமாக விரித்து நேராக்கிவிடலாம் என்று எவராவது எளிதாகச் சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். எலும்பின் எல்லையைத் தாண்டிப் பல் வெளியே தள்ளப்பட்டால் ஈறு கீழிறங்கிவிடும். வரிசை அழகாகி, ஈறு கெட்டுப்போய்விடும்.

சிகிச்சை 19 மாதங்கள் நீடித்தது. இரவில் துலக்க மட்டும் பன்னிரண்டு நிமிடம் ஆகும்: நார்களை ஈறின் விளிம்பை நோக்கிச் சாய்த்து வைத்துச் சாதாரணப் பிரஷ், பிறகு கம்பிக்கு அடியில் நுழையும் சின்னஞ்சிறு பாட்டில் பிரஷ் போன்ற பல்லிடுக்குப் பிரஷ், கடைசியாக ஃபுளோரைடு கலந்த பற்பசையைத் துப்பிவிட்டு நீரால் கொப்பளிக்காமல் விடுவது. பல்லிடுக்குப் பிரஷ்ஷில் பல அளவுகள் உண்டு. கடைக்குப் போய்க் கண்ணளவில் வாங்காமல், எந்த இடுக்குக்கு எந்த அளவு என்பதை மருத்துவரையே பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். பெரியதைத் திணித்தால் ஈறு காயப்படும், சிறியதை நுழைத்தால் ஒன்றையும் துடைக்காது. ஆறாவது மாதத்தில் ஓர் இரவு, வழக்கம்போல அந்தத் தெற்றுப்பற்களிடம் வந்தபோது, மிகச் சிறிய பிரஷ் இடுக்கின் வழியாக மறுபுறம் போய் வெளியே வந்தது. என் வாழ்க்கையில் எந்தப் பிரஷ்ஷும் அதற்கு முன் அந்த இடுக்கைக் கடந்து போனதே இல்லை. சில நாட்கள் ரத்தம் வந்தது. பத்தாம் நாள் பிரஷ் வெள்ளையாகவே திரும்பி வந்தது. அந்தப் பிரஷ்ஷை விளக்குக்கு அடியில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேராக்கியதால் ஈறு தானாகக் குணமாயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். நேரான வரிசை பிரஷ்ஷுக்கு வழி விட்டது; குணப்படுத்தியது தினமும் அந்த வழியாகப் போய்வந்த பிரஷ்தான். நேரான பற்கள் உள்ளவர்களுக்கும் ஈறு நோய் வருகிறது, தெற்றுப்பற்களோடு ஆரோக்கியமான ஈறு கொண்டவர்களும் இருக்கிறார்கள். என் அக்காவுக்கும் என்னைப் போலவே கீழ்ப்பற்கள் நெருக்கம். ஒற்றைக் கொத்துப் பிரஷ்ஷாலேயே அவர் சமாளித்துவிடுகிறார், ரத்தம் இல்லை, ஆழமும் சரியாக இருக்கிறது. "எனக்கும் கம்பி வேண்டுமா?" என்று அவர் கேட்டபோது, வேண்டாம் அக்கா என்றுதான் சொன்னேன். முறையாகத் துலக்கக் கற்றுக்கொண்டு, ஓரிரு மாதங்கள் விடாமல் செய்து பார்த்து, அதன் பிறகும் அதே இடம் அடங்கவில்லை என்றால் மட்டுமே ஈறுக்காகப் பல்லை நேராக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. மேற்பற்கள் கீழ்ப்பற்களை ஆழமாக மூடி, கீழ்ப்பல்லின் நுனி அண்ணத்து ஈறைக் குத்திக்கொண்டிருப்பவர்கள் இதற்கு விலக்கு. அங்கே துலக்குவதால் மட்டும் பயன் இராது, கடிக்கும் விதத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இன்னொன்று, பற்கள் நேரான பின் ஈறின் அருகே தோன்றிய கறுத்த முக்கோணச் சந்து. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்த பற்களைப் பிரித்து வைக்கும்போது, இடையே ஈறு நிரம்பாத பெரியவர்களுக்கு இது வருவதுண்டு. எலும்பு குறைந்திருந்ததால் எனக்குச் சற்றுப் பெரிதாகவே வந்தது. முதல் நாள் கண்ணாடியில் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. பற்களின் பக்கங்களை இன்னும் சிறிது இழைத்து நெருக்கியதில் பாதி மறைந்தது. மீதியோடு வாழப் பழகிவிட்டேன், பிரஷ் நுழைய அதுவும் வசதிதான்.

கம்பியைக் கழற்றிய நாளோடு வேலை முடிந்துவிடவில்லை. பல்லைச் சுற்றிய ஈறின் நார்கள் இழுபட்ட நிலையிலிருந்து மீள ஓராண்டுகூட ஆகலாம். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். அதற்கு மேலும், வயதாக ஆகக் கீழ் முன்பற்கள் நெருங்குவது கம்பி கட்டாதவர்களுக்கும் இயல்பாக நடப்பது. அதனால் நேராக்கிய பற்களை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரீடெய்னர் என்பது சில மாதப் பழக்கமாக முடிவதில்லை. உட்புறம் நிரந்தரமாக ஒட்டும் மெல்லிய கம்பி, இரவில் மாட்டிக் காலையில் கழற்றும் உறை என இரண்டு வகையைச் சொன்னார்கள். நிரந்தரக் கம்பி ஒட்டப்படுவது, காரை மிக விரைவாகப் படியும் அதே இடம் என்பதால் நான் கழற்றும் வகையைக் கேட்டு வாங்கினேன். கழற்றும் வகையை மறந்துவிடக்கூடியவர்களுக்கு ஒட்டும் கம்பியே நல்லது. அவர்கள் நூல் கோக்கும் கண்ணியைக் கொண்டு கம்பிக்கு அடியில் ஃபிளாஸ் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும், ஒட்டு விட்டிருக்கிறதா என்றும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை பயணத்தில் மூன்று வாரம் ரீடெய்னர் இல்லாமல் இருந்துவிட்டு மாட்டியபோது, அந்தப் பழைய பல்லில்தான் முதலில் இறுக்கம் தெரிந்தது. இப்போது பயணப் பையில் இன்னொரு ரீடெய்னர் எப்போதும் இருக்கிறது.

எனக்கு இப்போது 38 வயது. போன மாதம் ஈறு மருத்துவர் மீண்டும் அளந்தபோது, அந்த இரண்டு பற்களைச் சுற்றிய பன்னிரண்டு இடங்களில் பதினொன்றில் இரண்டும் மூன்றுமே வந்தன. உள்வாங்கியிருந்த பல்லின் உட்புறத்தில் ஓர் இடம் மட்டும் நான்கு, ரத்தம் வரவில்லை. அதைப் பென்சிலால் வட்டமிட்டு நகலை என்னிடம் கொடுத்திருக்கிறார், மூன்று மாதம் கழித்து மீண்டும் போக வேண்டும்.